கிழக்கு பார்த்த சங்குகள்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சித்திரை மாதத்தில், தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

நான் இங்கே ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு பகுதி நேரமாக பி.எச்டி. சேர்ந்தேன். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறுகின்றன என்பதைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்வதுதான் என் ஆராய்ச்சி. இதைச் சொன்னவுடனே எதிரில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அது பயாலஜி இல்லையா?" என்பது. பயாலஜிக்காரர்களிடம் சொன்னால், "இது கணக்கு இல்லையா?" என்பார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் மாதிரி, வெள்ளையடிக்க மட்டும் யாரும் வர மாட்டார்கள்.

எடுத்துக்கொண்ட உயிரினம் சங்கு. நம் ஊர்க் கடலில் முங்கிச் சங்கு எடுப்பவர்கள் காலகாலமாக இருக்கிறார்கள். சங்கு கரைக்கு வந்ததும் அதை ஒரு வளையத்துக்குள் விட்டுப் பார்ப்பது வழக்கம். வளையத்துக்குள் நுழைந்து விழுந்தால் அது சின்னச் சங்கு, திரும்பவும் கடலுக்குப் போகும். நுழையாமல் தட்டி நின்றால் பெரிய சங்கு, கோடவுனுக்குப் போகும். குஞ்சு சங்கைக் காப்பாற்ற வந்த நல்ல வழக்கம் இது. அதில் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. சங்குகளில் ஒரு வகை நன்றாகப் பெருத்த பிறகுதான் முட்டையிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வகை, சின்னதாக இருக்கும்போதே முட்டையிட்டுவிடும். பெருத்ததை எல்லாம் மனிதன் எடுத்துக்கொண்டே இருந்தால் எந்த வகைக்குப் பிள்ளைகள் அதிகம் மிஞ்சும்? இதைத் தலைமுறைக்குத் தலைமுறை பெருக்கிக்கொண்டே போனால் சின்ன வகைதான் கடலை நிறைக்கும். எந்தச் சங்கும் "நான் சின்னதாக இருந்து தப்பித்துக்கொள்கிறேன்" என்று முடிவு செய்வதில்லை. யாருக்குப் பிள்ளைகள் மிஞ்சின என்கிற வெறும் கூட்டல் பெருக்கல்தான். எனக்கு இதில் ஒரு பைத்தியமே உண்டு. இந்தச் சமன்பாட்டின் கோடு திரையில் மெல்ல வளைந்து இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் புல்லரிக்கும்.

மற்றவர்களுக்கு என்ன புல்லரித்தது என்று கேட்கிறீர்களா? வலம்புரிச் சங்கு. நான் சங்கில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்களில் ஒருவர் பாக்கியில்லாமல், "வலம்புரி எந்த இடத்தில கிடக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?" என்று கேட்டுவிட்டார்கள். உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் என் சித்தப்பா, தொட்டி கட்டி வலம்புரியாக வளர்க்க முடியுமா என்றுகூடக் கேட்டார். கல்லூரியில் எனக்கு 'சங்கு டீச்சர்' என்று பெயர் வைத்து, அதைச் சொல்லும்போதெல்லாம் ஊதுவது மாதிரிக் கையை வாயருகே வைத்துச் சிரிப்பார்கள்.

சமன்பாடு தயாராகிவிட்டது. ஆனால் என் வழிகாட்டிப் பேராசிரியர் கையை விரித்துவிட்டார். "கடல்ல நிஜமாவே சங்கு சின்னதாகியிருக்கான்னு காட்டுங்க. இல்லன்னா இது கரும்பலகையில போட்ட கோலம்" என்றார். இன்றைய சங்குகள் கிடைக்கும். பழைய காலத்துச் சங்குகளுக்கு எங்கே போவது?

தேடினேன். அலைந்தேன் என்றே சொல்லலாம். காயல்பட்டினத்தில், என்னோடு கல்லூரியில் வேலை பார்க்கும் தோழியின் வீட்டில், குழந்தைக்குப் பால் புகட்டும் பழைய சங்கு இருந்தது. குழந்தை வாய்க்குத் தக்கபடி சின்னதாகப் பார்த்து வாங்கியது அது. எங்கள் பூஜையறைச் சங்கு அழகுக்காகப் பொறுக்கியது. சாவு வீட்டில் ஊதுகிறவரைத் தேடிப்போய்ப் பார்த்தால், சத்தம் தெருமுனை வரை கேட்க வேண்டும் என்று இருப்பதிலேயே பெரிதாகத் தேர்ந்தெடுத்தது. பத்திரமாக இருந்த ஒவ்வொரு பழைய சங்கும் யாரோ ஒருவர் எதற்காகவோ அளவு பார்த்து எடுத்ததாகவே இருந்தது. அதை வைத்துக் கடலில் கிடந்த சங்கின் அளவைச் சொல்ல முடியாது. கல்யாண வீட்டுப் போட்டோவை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எல்லோரும் பட்டுப்புடவைதான் கட்டுகிறார்கள் என்று சொல்வது போலாகிவிடும். யாரும் பொறுக்காத சங்கு எனக்கு வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் ஏற்கெனவே ஒரு முறை நீட்டிப்புக் கொடுத்திருந்தது. அந்த வருடத்துக்குள் முடிக்காவிட்டால் என் பதிவே ரத்து. இத்தனை வருட உழைப்பும் போய்விடும் என்ற பயத்தில் இருந்தேன்.

இந்த நிலைமையில்தான் என் கணவரின் அண்ணன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், ஒரு பழைய சங்குக் கோடவுனை வாங்கி இடித்தார். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பூமி பூஜைக்கு எங்களையும் அழைத்திருந்தார். அன்றைக்குக் காலையில் அக்கா, அதாவது அவர் மனைவி, போன் செய்தாள்.

"ஏளா, வரும்போது பழைய சேலை ரெண்டு எடுத்துட்டு வா. இங்கன ஒரே புழுதி. தரைய நோண்டுனா அடியில பூராவும் சங்கா கெடக்கு. எல்லாம் பூச்சி அரிச்ச சங்கு."

உடனே ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். பூச்சி துளைத்த சங்கை வளையத்தில் போட்டு யாரும் அளக்க மாட்டார்கள். பெரியதோ சின்னதோ, விலைக்கு ஆகாது என்று ஒதுக்கித் தள்ளுவார்கள். அப்படித் தள்ளியதைக் கொட்டித்தான் அந்தக் காலத்தில் தரையை உயர்த்தியிருக்கிறார்கள். கோடவுனின் நிலைக்கல்லில் கட்டிய ஆண்டு வேறு செதுக்கியிருந்தது, என் மாமனார் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு. யாரும் பொறுக்காத, வயது தெரிந்த பழைய சங்கு. அதுவும் என் சொந்த மைத்துனரின் மனையில்!

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. போய்ச் சேர்ந்தபோது ஜே.சி.பி. அந்தச் சங்குகளை வாரி ஓரமாகக் குவித்திருந்தது. பக்கத்திலேயே டிப்பர் லாரி எஞ்சினை அணைக்காமல் நின்றது. விசாரித்தால், வாஸ்து பார்க்க வந்தவர் மண்ணுக்கடியில் அரித்த சங்கு கிடப்பது மனைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாராம். உச்சிவேளைக்குள் எல்லாவற்றையும் கடலில் சேர்த்துவிட வேண்டுமாம்.

பெரியத்தானிடம் போய் நின்றேன். அவர் நல்ல மனிதர். அதற்கு முந்தின வருடம்தான் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருந்தார். அதிலிருந்து எதற்கும் ஒரு பயம். நான் விஷயத்தைச் சொன்னேன். ஆட்டோ வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோய்விடுகிறேன் என்றேன்.

"ஏம்மா, நம்ம வீட்டு மருமவ தூக்கிட்டுப் போனா தோஷமும் கூடவே வரும்லா?" என்றார்.

சரி, விளங்கும்படி சொல்லிப் பார்ப்போம் என்று முறுக்கை உதாரணம் காட்டினேன். தட்டில் இருக்கும் பெரிய முறுக்கை மட்டும் எல்லோரும் எடுத்துத் தின்றால் சின்னது மிஞ்சும். மிஞ்சிய முறுக்குகள் குட்டி போட்டால் அந்தக் குட்டிகளும் சின்னதாகத்தானே இருக்கும் என்றேன். அவர் நிதானமாக யோசித்தார். ஏதோ புரிந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

"முறுக்கு எப்படிம்மா குட்டி போடும்?" என்றார்.

என் கணவருக்குப் போன் போட்டேன். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. கப்பலையே அசைக்கிற ஆள், அண்ணன் என்றால் மட்டும் அசைய மாட்டார். "இதுல நான் என்னத்தச் சொல்ல? நீயே பக்குவமாச் சொல்லு" என்று வைத்துவிட்டார். பக்குவமாம் பக்குவம்! எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அந்த ஜே.சி.பி.யில் நானே ஏறி உட்கார்ந்திருப்பேன்.

கடைசியில் அந்த வாஸ்துக்காரரிடமே போனேன். விளாத்திகுளம் பக்கத்து ஆள், என்னைவிட வயதில் சின்னவர். கையில் செல்போனை நீட்டி அதில் திசைகாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கட்டுக்கட்டாகக் கம்பி இறக்கியிருந்ததால் முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது.

"வடக்கு எங்க இருக்குன்னே உங்க போனுக்குத் தெரியல. இந்தச் சங்கு ஆகுமா ஆகாதான்னு மட்டும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. கடலில் இருக்கும் ஒரு உயிர், மனிதன் கைபட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் மாறிக்கொண்டிருக்கிறது, அதைக் கணக்கில் பிடிக்க இத்தனை வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், அளந்து காட்ட அதற்கு இருக்கும் ஒரே சாட்சி இந்தக் குவியல், உங்கள் ஒரு வார்த்தையில் அது கடலுக்குப் போகப் போகிறது என்று மூச்சு விடாமல் கொட்டினேன். கடைசியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு பேர் மத்தியில் அழுதுவிட்டேனே என்று அதற்கு வேறு கோபம் வந்தது.

அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டார். குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அளக்கதுக்கு எம்புட்டு நேரம் வேணும் தாயி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பொழுது அடையுற வரைக்கும் கிடைச்சாப் போதும்" என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேனே தவிர, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நேராகப் பெரியத்தானிடம் போனார். குரலே மாறிவிட்டது. துளியும் சந்தேகமில்லாத உறுதியோடு சொன்னார். "அண்ணாச்சி, இப்பத்தான் கவனிச்சேன். இதுக அம்புட்டும் வெயில் பாக்காம மண்ணுக்குள்ள கெடந்தது. அப்படியே அள்ளிக் கடல்ல போட்டா கோவம் மிச்சம் இருக்கும். இந்த வீட்டுப் பொம்பளைக கை ஒவ்வொரு சங்கா தொடணும். தொட்டு, வாய் கிழக்க பாக்க வரிசையா வைக்கணும். பொழுது அடையுற வரைக்கும் கெடந்து, பெறகுதான் கடலுக்குப் போகணும்."

பெரியத்தான் முகத்தில் ஒரு பதற்றம் வந்து, உடனே தெளிந்தது. என்ன செய்ய வேண்டும் என்று யாராவது திட்டமாகச் சொன்னால் அவருக்கு அது பெரிய ஆறுதல். டிப்பரை அனுப்பிவிட்டார். பூஜைக்கு வந்திருந்த பெண்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். என்னைப் பார்த்து, "நீ படிச்ச பிள்ள, முன்ன நின்னு ஒழுங்கா வைக்கச் சொல்லும்மா" என்று வேறு சொன்னார். முறுக்கில் அசையாதவர் கிழக்கில் அசைந்தார். எனக்குச் சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

என் கைப்பையில் சீப்பு இல்லாவிட்டாலும் வெர்னியர் காலிப்பர் எப்போதும் இருக்கும். ஒரு சங்கை எடுப்பேன், அகலத்தை அளப்பேன், அளவைச் சத்தமாகச் சொல்வேன், அக்காவின் போன் அதைப் பதிவு செய்யும். பிறகு அடுத்த பெண் வாங்கிக் கிழக்கு பார்க்க வைப்பாள். தலையில் பழைய சேலையைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் அத்தனை பெண்களும் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒலிப்பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்களுக்கு நடுவே அவர்கள் என்னைத் திட்டுவது தெளிவாகக் கேட்கும்.

"தொடணும்னுதான சொன்னாவ? இவ எதுக்குளா ஒவ்வொண்ணா இடுக்கி வச்சுப் பிடிச்சுப் பாக்கா?" என்று ஒரு குரல்.

"இவளும் வாஸ்துக்காரவுகளும் பேசி வச்சுச் செய்யுத மாதிரில்லா இருக்கு" என்று இன்னொரு குரல். அது அக்கா. ஆனால் பெரியத்தானிடம் அவள் இதுவரை மூச்சு விடவில்லை.

நடுவில் ஒரு சங்குக்குள்ளிருந்து பூரான் வந்து, எல்லோரும் எழுந்து ஓடி, பாதி வரிசை கலைந்து, அளந்தது எது அளக்காதது எது என்று தெரியாமல் நான் கத்தியதும் அதில் இருக்கிறது. என் மாணவிகள் கேட்டால் மானம் போய்விடும். பொழுது சாயும்போது மனை முழுவதும் சங்குகள் வாயைக் கிழக்கே காட்டிக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. குவியலில் பெரும்பகுதியை அளந்து முடித்திருந்தேன். டிப்பர் திரும்பி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது.

வாஸ்துக்காரர் வண்டியைக் கிளப்பும்போது கிட்டே போனேன். நன்றி சொல்வதற்குள் வாய் வேறொன்றைக் கேட்டுவிட்டது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன்.

"நான் தொழிலுக்கு வந்த நாள்ல இருந்து எம்புட்டோ பேருக்கு எம்புட்டோ சொல்லியிருக்கேன் தாயி. இல்லாததச் சொல்றவனுக்கு இம்புட்டுக் கோவம் வராது. சிரிச்சுக்கிட்டே நைசாச் சொல்லிட்டுப் போயிருவான். எனக்கா தெரியாது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அளவுகளையெல்லாம் கணினியில் ஏற்றி, இன்றைய சங்குகளோடு வைத்துப் பார்த்தேன். பழைய சங்குகள் பெரிதாகத்தான் இருந்தன. சமையலறைக்கு ஓடிப்போய்க் கணவரைக் கட்டிப்பிடித்தேன். அவருக்கு எதற்கென்றே தெரியாது.

பேராசிரியர் பார்த்தார். எதிர்பார்த்தபடியே சந்தோஷப்படவில்லை. கேள்விகளை அடுக்கினார். இன்றைய சங்கு, வகையே மாறியதால் சின்னதாக இருக்கிறதா? அல்லது வளர்ந்து பெரிதாகும் முன்னாலேயே நாம் பிடித்துவிடுவதால் சின்னதாகத் தெரிகிறதா? பழைய சங்கின் ஓடு மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை. எத்தனையோ விதமாகச் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தும் முடியவில்லை. தலைமுறைதோறும் நடந்த மாற்றமாக இது இருக்கலாம் என்று மட்டும்தான் எழுத முடிந்தது. இத்தனை சண்டை, அழுகை, வெயில், பூரான் எல்லாம் போக, கடைசியில் என் கையில் மிஞ்சியது ஒரு 'இருக்கலாம்'. அப்படி எழுதிய அத்தியாயத்துக்குத்தான் பட்டமும் கொடுத்தார்கள். தெரிந்ததையும் தெரியாததையும் கலக்காமல் எழுதியிருக்கிறேன் என்று தேர்வாளர் பாராட்டினார்.

மண்டபத் திறப்பு விழாவில் வாஸ்துக்காரரை மறுபடி பார்த்தேன். பந்தியில் என் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கை கழுவும் இடத்தில் பிடித்துக்கொண்டு, "என்ன தாயி, சங்கு மாறியிருக்கா?" என்று ஆவலாகக் கேட்டார். அந்த ஆவலைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாறியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றேன்.

அவர் கை துடைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "இருக்கலாம்னு சொன்னதுக்கா டாக்டர் பட்டம் குடுத்தாக?" என்றார். ஆமாம் என்றேன். கேலி செய்யப்போகிறார் என்று நினைத்தேன். அவர் செய்யவில்லை. "குடுத்து வச்சவுக நீங்க. நான் ஒரு வீட்டுல போய் 'இருக்கலாம்'னு சொன்னா அன்னியோட என் பொழப்பு போச்சு" என்று சொல்லி, சிரிக்க முயன்று, சரியாகச் சிரிக்காமல் போனார்.

அதற்குப் பிறகு வகுப்பில் ஒவ்வொரு முறை "இதற்கு மேல் நமக்குத் தெரியாது" என்று சொல்லும்போதும் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வருகிறது. வாழ்நாள் முழுவதும் தெரியும் தெரியும் என்றே சொல்லிப் பிழைக்க வேண்டிய ஒரு மனிதர், எனக்காக இன்னொரு முறை அப்படிச் சொன்னதால்தான், தெரியாது என்று தலைநிமிர்ந்து சொல்லும் இடத்தில் இன்று நான் நின்றுகொண்டிருக்கிறேன்.